ஓய்வுநாளில் உங்கள் வீட்டில் யாருக்கு ஓய்வு?

ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி இது: "ஏசாயா தீர்க்கதரிசி ஓய்வுநாளை 'மனமகிழ்ச்சியின் நாள்' என்கிறார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். டிவி கூடாது, கிரிக்கெட் கூடாது, கடைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் அப்பா சொல்லிவிடுவார். எனக்கு வாரத்திலேயே அதிக வேலை அன்றைக்குத்தான். இதில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை ஆசரிப்பதுதான் கோளாறா?"

சகோதரி, பிள்ளைகளைப் பற்றி விவரமாக எழுதிவிட்டு உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்கப் போகிறேன். வேதத்தில் ஓய்வுநாள் சந்தோஷத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: கர்த்தர் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். ஞாயிறு பள்ளியில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தது இதைத்தான். உபாகமம் 5-இல் அதே கட்டளைக்கு வேறொரு காரணம் இருக்கிறது. நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார், அதை நினைத்துக்கொள் என்கிறது. யாருக்கு ஓய்வு என்று சொல்லும் இடத்தில், "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படி" என்று ஒரு வாக்கியம் வருகிறது. மாடும் கழுதையும் வாசலில் இருக்கிற அந்நியனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

எகிப்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் பயணம் போய் எங்கள் தேவனைத் தொழுதுவிட்டு வருகிறோம் என்று கேட்டதற்கு, நீங்கள் சோம்பேறிகள் என்று பார்வோன் சொன்னான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்டான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியே வந்த ஜனத்துக்கு, சீனாய் மலையில் கட்டளை கிடைப்பதற்கு முன்பே ஓய்வுநாள் கிடைத்துவிட்டது. யாத்திராகமம் 16-ஐ வாசியுங்கள். வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த ஆகாரமான மன்னா ஆறாம் நாளில் இரட்டிப்பாய்க் கிடைக்கிறது. மற்ற நாளில் மறுநாளைக்கு எடுத்துவைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஓய்வுநாளுக்காக வைத்தது நாறவில்லை. ஏழாம் நாளும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இன்றைக்கு வேலையும் இல்லை, சாப்பாட்டுக்குக் குறையும் இல்லை என்று ஒரு அடிமையிடம் முதல்முறையாகச் சொன்னால் அவன் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பான்! அந்தச் சந்தோஷத்தைத்தான் வாராவாரம் திரும்பக் கொடுக்கிறார் கர்த்தர்.

ஆகவே ஓய்வுநாளின் மகிழ்ச்சி விடுதலையின் மகிழ்ச்சி. வீட்டில் ஒருவருடைய சுமை இறங்காமலேயே இருந்தால், மற்றவர்கள் எத்தனை பாட்டுப் பாடினாலும் அந்த நாளில் ஏதோ ஒன்று குறையும். அந்தக் குறையைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ஏசாயா 58-ஐ முழு அதிகாரமாக வாசித்தாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம். 13-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "உனக்கு இஷ்டமானதைச் செய்யாதபடி" என்ற பகுதியைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு எதிராகத் திருப்புவது நம் வீடுகளில் சகஜம். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவதே உபவாசம் இருந்துகொண்டு, அதே நாளில் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு, வேலையாட்களை நெருக்குகிற பெரியவர்களைக் கண்டிப்பதில்தான். நுகத்தடியை உடையுங்கள், பசித்தவனோடு உங்கள் ஆகாரத்தைப் பகிருங்கள், வஸ்திரமில்லாதவனுக்கு உடுத்துங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் ஓய்வுநாளைப் பற்றிப் பேசுகிறது. ஆமோஸ் 8-இல் வருகிற வியாபாரிகளும் இவர்களைப் போன்றவர்கள்தான். ஓய்வுநாள் எப்போது முடியும், கோதுமையை விற்கலாம், மரக்காலைக் குறைக்கலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். வேதம் "இஷ்டம்" என்று கண்டிப்பது இந்த லாபக் கணக்கை. தெருவில் பந்து அடிக்கிற பத்து வயதுப் பையன் அதற்குள் எப்படி வந்தான் என்று எனக்குப் புரியவில்லை.

இயேசு ஓய்வுநாளில் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது லூக்கா 13. பதினெட்டு வருஷம் கூனியாய் இருந்த ஒரு பெண்ணை ஜெப ஆலயத்தில் நிமிர வைக்கிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அன்றைக்கு வந்து சுகமாகுங்கள் என்கிறான். நீங்கள் ஓய்வுநாளில் எருதையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுவதில்லையா, ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை இந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டாமா என்று கேட்கிறார் அவர். ஓய்வுநாளில் செய்யத் தகுந்த வேலை எது என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. கட்டியிருக்கிறதை அவிழ்ப்பதுதான் அது. அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்பதையும் பாருங்கள்: ஜனங்களெல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது.

சரி, சனியா ஞாயிறா?

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிச் சனி அஸ்தமனத்தில் முடிகிறது. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் ஆதித் திருச்சபை அந்த நாளில் கூடத் தொடங்கியது. அப்போஸ்தலர் 20-லும் 1 கொரிந்தியர் 16-லும் அதன் தடம் தெரிகிறது. கி.பி. 155 வாக்கில் ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீனு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி நடந்தது என்று விவரமாக எழுதி வைத்திருக்கிறார். வேதம் வாசிப்பார்கள், பிரசங்கம் நடக்கும், அப்பமும் திராட்சரசமும் பகிர்வார்கள், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும். அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாள் கிடையாது. கான்ஸ்டன்டைன் பேரரசர் கி.பி. 321-இல் சட்டம் போட்ட பிறகுதான் ரோம சாம்ராஜ்யத்தில் அது ஓய்வு நாளானது. அந்தச் சட்டமும் விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது.

சனிக்கிழமையை ஆசரிக்கிற கிறிஸ்தவர்களும் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் சனி, ஞாயிறு இரண்டையும் மதிக்கிறார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இங்கே வருவதற்கு முன்பே, 1857-இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டார். அவர்கள் ஆசரித்ததும் சனிக்கிழமையைத்தான். இவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று ரோமர் 14-இல் பவுல் சொல்லிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமையை ஆசரிக்கிறவன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: கிழமையை மாற்றினால் உங்கள் வீட்டுப் பிரச்சினை தீராது. நீங்கள் அடுப்படியில் நிற்கிற நாள் ஞாயிறிலிருந்து சனிக்கு மாறும், அவ்வளவுதான்.

அந்த நாளைக் கொண்டாட்டமாக வைத்திருப்பதில் இரண்டு பக்கத்தாரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். யூத வீடுகளில் வெள்ளி மாலை தாய் விளக்கேற்றுவாள். மேசையில் இரண்டு அப்பம் இருக்கும். இரட்டிப்பாய்க் கிடைத்த மன்னாவின் நினைவு அது. திராட்சரசம் உண்டு, பாட்டு உண்டு. கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிற யூதித்து ஆகமத்தில், கணவனை இழந்த அந்தப் பெண் தினமும் நோன்பிருந்தாலும் ஓய்வுநாளிலும் அதற்கு முந்தின நாளிலும் நோன்பிருக்கவில்லை என்று வாசிக்கிறோம். திருச்சபையும் இதையே கைக்கொண்டது. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் தன் 20-ஆவது விதியில், ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் போடாமல் நின்றபடியே ஜெபிக்க வேண்டும் என்றது. முழங்கால் போடுவது பாவத்துக்காக மனம் வருந்துவதன் அடையாளம், ஞாயிறோ உயிர்த்தெழுந்த நாள். லெந்து காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். நாற்பது என்கிறோமே, எப்படி? இடையில் வருகிற ஆறு ஞாயிறுகளையும் நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருஷத்திலேயே துக்கமான காலத்திலும் திருச்சபை ஞாயிறை உபவாசத்துக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் இந்த "கூடாது" பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஜனங்கள் நடனமாடலாம், வில்வித்தை பழகலாம் என்று முதலாம் ஜேம்ஸ் அரசர் 1618-இல் அறிக்கை வெளியிட்டார். இங்கிலாந்து சபையில் கண்டிப்பான சீர்திருத்தம் வேண்டும் என்ற பியூரிட்டன்கள் கொதித்துப் போனார்கள். 1643-இல் பாராளுமன்றத்தின் ஆணைப்படி அந்த அறிக்கையின் பிரதிகள் எரிக்கப்பட்டன. பியூரிட்டன்களைக் கேலி செய்வது எளிது, ஆனால் அது நியாயமில்லை. முதலாளியின் கையிலிருந்து ஒரு முழு நாளைப் பிடுங்கி வேலைக்காரனுக்குக் கொடுத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே தவிர்க்க முடியாத வேலைகளுக்கும் இரக்கத்தின் வேலைகளுக்கும் ஓய்வுநாளில் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பாரம்பரியம் சில இடங்களில் இறுகிப் போனது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிள்ளைகள் ஆடாதபடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த காலம் இருந்தது. அவிழ்ப்பதற்கென்று இருந்த நாளில் கட்டினார்கள்.

இந்த இடத்தில் எரிக் லிடல் நினைவுக்கு வருகிறார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓடமாட்டேன் என்றுவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர். ஞாயிறு பிரசங்கங்களில் இந்தக் கதையைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர் பிறகு சீனாவில் மிஷனெரியாகி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நடத்திய வெய்ஷியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு விளையாட்டு நடத்தியவர் இவர்தான், ஆனால் ஞாயிறன்று நடத்தமாட்டார். ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, அந்த முகாமிலேயே இறந்துபோனார். தன் புகழுக்காக ஞாயிறன்று ஓட மறுத்த மனிதர், பிள்ளைகளின் சமாதானத்துக்காக ஞாயிறன்று விசில் ஊதினார். இரண்டு இடத்திலும் அவர் ஓய்வுநாளைக் கைக்கொண்டார் என்பதே என் எண்ணம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

முதலில் அடுப்படி. "ஓய்வுநாளில் உங்கள் வாசஸ்தலங்களில் எங்கும் நெருப்பு மூட்டாதிருப்பீர்களாக" என்று யாத்திராகமம் 35-இல் ஒரு கட்டளை உண்டு. அதை எழுத்துப்படி கைக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டளையால் முதலில் இளைப்பாறியது யார் என்று யோசியுங்கள். நம் வீடுகளில் ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கறி கழுவுகிற அம்மாக்கள் எத்தனை பேர்! விருந்து வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரியாணி வாசனை இல்லாத ஞாயிறு பிள்ளைகளுக்கு ஞாயிறாகவே படாது. ஆனால் அந்த விருந்தின் வேலை சனிக்கிழமையே பாதி முடிந்திருக்க வேண்டும், அதில் வீட்டில் உள்ள எல்லோர் கையும் பட்டிருக்க வேண்டும். சுவிசேஷங்களில் "ஆயத்தநாள்" என்று ஒன்று வருகிறதே, அது இதற்காக இருந்த நாள்தான். சனி சாயங்காலம் வெங்காயம், பூண்டு உரிப்பது, மசாலா அரைப்பது, துணி தேய்ப்பது, வேதாகமத்தையும் காணிக்கையையும் எடுத்து வைப்பது எல்லாம் முடியட்டும். ஞாயிறு பாத்திரம் கழுவுவது உங்கள் கணவரின், மகன்களின் வேலையாக இருக்கட்டும். கூடாது என்று சொல்கிற அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சில வாரம் வெறும் புளிச்சோறும் அப்பளமும் போதும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தாலும் நல்லதே. வீட்டு வேலைக்கு ஒருவர் வருகிறார் என்றால், அவருக்கு ஞாயிறு சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவர் எந்த மதமானாலும் சரி. உபாகமத்தின் பட்டியலில் அந்நியனும் இருக்கிறான்.

கடைக்குப் போவதைப் பற்றியும் அப்படியே யோசிக்கலாம். மருந்து, பால் வாங்கப் போகிறவர் யாரையும் நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற பெண்ணை நினைத்தால், நம்முடைய ஷாப்பிங்கை வேறொரு நாளைக்குத் தள்ளலாமே என்று தோன்றும். இந்தியாவில் ஞாயிறு விடுமுறை சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடி 1890 ஜூன் 10-ஆம் தேதி அதை வாங்கிக் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் உபாகமம் 5-இன் மனசு அந்தப் போராட்டத்தில் இருந்தது.

பிள்ளைகள் விஷயத்தில், ஆராதனைக்குப் பிறகு கிரிக்கெட் ஆடட்டும் என்பேன். முடிந்தால் அவர்கள் அப்பாவும் மட்டையைப் பிடிக்கட்டும். டிவி, செல்போன் கொஞ்சம் வேறு விஷயம். அவை வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனி மூலைக்கு அனுப்பிவிடுகின்றன. சில மணி நேரம் எல்லோருமே, பெரியவர்கள் உட்பட, அவற்றை எடுத்து வைத்துவிட்டால் பிள்ளைகள் அதைத் தண்டனையாக நினைக்கமாட்டார்கள். நான் உண்மையில் பயப்படுவது கிரிக்கெட்டைப் பார்த்து இல்லை. ஞாயிறு காலை டியூஷன், ஞாயிறு டெஸ்ட் சீரிஸ், நுழைவுத்தேர்வுப் பயிற்சி, இவற்றைப் பார்த்துத்தான். பந்து அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிற வீடுகளே இதற்குச் சுலபமாக இணங்கிவிடுகின்றன. வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? வாரத்தில் ஒரு நாள் "இன்றைக்கு மார்க் பற்றிப் பேச்சே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அந்த நாளுக்குக் காத்திருப்பார்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிற ஒரு பாட்டி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிற ஒரு மாணவி, சபைக்குப் புதிதாக வந்த குடும்பம், யாராகவும் இருக்கலாம். கூடவே, படுக்கையில் இருக்கிற ஒருவருக்குப் பிள்ளைகள் கையில் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்புங்கள். யுஸ்தீனு காலத்து உதவிக்காரர்கள் செய்ததுதான் இது.

கடைசியாக, ஞாயிறன்று வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ், போலீஸ், பஸ் டிரைவர், மின்வாரிய ஊழியர் எல்லோரும் நம் சபைகளில் இருக்கிறார்கள். பனையேறுகிறவர் சீசனில் நாள் தவறாமல் பாளை சீவியாக வேண்டும். இவர்கள் மனம் குத்தப்படத் தேவையில்லை. எருதுக்குத் தண்ணீர் காட்டுவதை இயேசு குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும், அது குடும்பத்தோடு சேர்ந்து கிடைக்க வேண்டும். சோவியத் ரஷ்யாவில் 1929-இல் ஞாயிறை ஒழித்துவிட்டு ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள் என்று ஆனபோது, லீவு இருந்தும் அது லீவாக இல்லை என்று ஜனங்கள் முறையிட்டார்கள். 1940-இல் ஞாயிறு திரும்பி வந்தது. ஆகவே ஷிப்டில் இருக்கிறவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஓய்வு என்றால், அன்றைக்குச் சாயங்காலமாவது வீடே கூடி உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, நல்ல சாப்பாடு சாப்பிடட்டும். 92-ஆம் சங்கீதம் ஓய்வுநாளுக்கென்றே எழுதப்பட்டது, அதிலிருந்து தொடங்கலாம். சபையில் உள்ள மற்றவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளை ஞாயிறன்று தங்களோடு ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்.